வட்டா, பதிவிறக்கமா: ஒரு கேமின் உண்மையான விலை எது?

6 செப்டம்பர் 2025, வாசகி ஒருவரின் கேள்வி

என் மகன் படிவம் மூன்றில் படிக்கிறான். தீபாவளிக்குப் பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். வட்டு இயக்கி (டிஸ்க் டிரைவ்) இல்லாத வகை ஏறத்தாழ 400 ரிங்கிட் குறைவு என்றும், இப்போதெல்லாம் யாரும் வட்டு வாங்குவதில்லை, பதிவிறக்கம்தான் மலிவு என்றும் கடைக்காரர் சொல்கிறார். கோலாலம்பூரின் செகாம்புட்டில் இருக்கிறோம், வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணையம் உண்டு. அந்த 400 ரிங்கிட்டை மிச்சப்படுத்தலாமா?

6 செப்டம்பர், இரவு

வேண்டாம், அக்கா. வட்டு இயக்கி உள்ளதையே வாங்குங்கள். மகன் முதல் ஆண்டில் நான்கு கேம் விளையாடினாலே அந்த 400 ரிங்கிட் திரும்பி வந்துவிடும். யானை வாங்குகிறவர் அங்குசத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கணக்கை நாளை எழுதுகிறேன்.

7 செப்டம்பர்

கேமின் விலை என்பது வாங்கும்போது கொடுக்கும் தொகை மட்டுமன்று. வாங்கும்போது கொடுத்ததிலிருந்து, விளையாடி முடித்து விற்கும்போது கையில் வருவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்தக் கேமுக்கு நாம் உண்மையில் கொடுத்த விலை. கடைக்காரர் உங்களிடம் முதல் தொகையை மட்டும் சொல்லியிருக்கிறார்.

பெரிய நிறுவனங்களின் புதிய கேம் ஒன்று பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் சுமார் 300 ரிங்கிட். அதே கேமின் வட்டு, கோலாலம்பூர்க் கடைகளில் வெளியான வாரத்திலேயே பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. 280 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்து, கீறல் இல்லாமல் விற்றால் 190 ரிங்கிட் வாங்குவது கடினமன்று. அப்படியானால் அந்தக் கேமுக்கு ஆன செலவு 90 ரிங்கிட். ஆண்டுக்கு நான்கு கேம் என்றால் 360 ரிங்கிட். பதிவிறக்கத்தில் அதே நான்குக்கும் 1,200 ரிங்கிட் போகும். அதில் ஒரு சென்கூடத் திரும்பி வராது. வித்தியாசம் 840 ரிங்கிட். இயக்கி இல்லாத கருவியில் மிச்சம் பிடித்த 400 இதற்குள் இரண்டு முறை அடங்கிவிடும்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது. கேம் வெளியாகி ஆறேழு மாதம் கழித்து, பயன்படுத்திய வட்டை 150 ரிங்கிட்டுக்கு வாங்கி, முடித்தபின் 120-க்கு விற்றால் செலவு 30 ரிங்கிட்தான். மாஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்துக்கு வெளியில் இரண்டு பேர் நின்று, பெட்டியைத் திறந்து வட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், நடப்பது இந்த வியாபாரம்தான். இப்படி ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான சேவை வரியும் இல்லை. அந்த வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காட்டில் தொடங்கி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது.

9 செப்டம்பர்

வட்டு அச்சிட வேண்டாம், பெட்டி வேண்டாம், கப்பலில் ஏற்ற வேண்டாம், கடை வாடகை வேண்டாம். அப்படியிருக்கப் பதிவிறக்கம் ஏன் மலிவாக இல்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த விவாதம் முழுவதற்கும் வேர் அதுதான்.

வட்டை அச்சிட்டுப் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு ஆகும் செலவு, 300 ரிங்கிட் விலையில் சிறு பங்குதான். பதிவிறக்கக் கடையை நடத்துபவர் விற்பனையில் வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 விழுக்காடு. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் என்ற கடை, 2018 முதல் ஒரு கேமின் விற்பனையில் 1 கோடி டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 25 என்றும், 5 கோடி டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 என்றும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. எபிக் என்ற கடை வழக்கமாக எடுப்பது 12 விழுக்காடு. சிறிய நிறுவனங்களுக்கு ஸ்டீமில் இன்றும் 30 விழுக்காடுதான்.

ஆனால் பங்கைவிட முக்கியமான காரணம் போட்டி இல்லாமைதான். கோலாலம்பூரின் மின்னணுப் பொருள் அங்காடியான லோ யாட் பிளாசாவில் ஒரு கடையில் விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாடிக்குப் போகலாம். அங்கும் பிடிக்கவில்லையென்றால் கைப்பேசியில் ஷோப்பி என்ற இணைய அங்காடியைத் திறந்து, அதில் உள்ள விலையைக் காட்டிப் பேரம் பேசலாம். பிளேஸ்டேஷன் இணையக் கடைக்கு அடுத்த மாடி கிடையாது. முன்பு அமெரிக்காவிலாவது வெளிக்கடைகள் முழு கேமுக்கான பதிவிறக்கக் குறியீட்டை விற்க முடிந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் பிளேஸ்டேஷனின் நிறுவனமான சோனி அதையும் நிறுத்திவிட்டது. இன்று வெளிக்கடைகள் பெரும்பாலும் விற்பது பணம் ஏற்றும் அட்டையைத்தான். கேமைப் பதிவிறக்கமாக விற்பது ஒரே ஒரு கடை. விற்பவர் ஒருவராக இருக்கும்போது, செலவு குறைந்ததால் வந்த இலாபம் வாங்குபவரிடம் வந்து சேரும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

வட்டு இயக்கி இல்லாத கருவியை வாங்கும் நாளில், அதன் ஆயுள் முழுவதற்கும் அந்த ஒரே கடைக்கு நீங்கள் வாடிக்கையாளராகிவிடுகிறீர்கள். 400 ரிங்கிட் தள்ளுபடிக்கு அதுதான் ஈடு.

9 செப்டம்பர், சற்றுப் பின்

இன்னொன்று விட்டுப்போயிற்று. இப்போதுள்ள மெலிந்த வகைப் பிளேஸ்டேஷனில், இயக்கி இல்லாததை வாங்கினாலும் பின்னர் இயக்கியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். 2024 நவம்பரில் வந்த புரோ வகைக்கும் அதே இயக்கிதான். அதைக் கருவியுடன் முதன்முறை இணைக்க இணையத் தொடர்பு வேண்டும். ஆகவே பழைய வகையைப் போல இது ஒருவழிப் பாதையன்று. ஆனால் தனியாக வாங்கும் இயக்கி எல்லா நேரமும் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை.

12 செப்டம்பர்

“ஸ்டீமில் 20 ரிங்கிட்டுக்கு வாங்குகிறேன், உங்கள் கணக்கு எனக்குப் பொருந்தவில்லை” என்று பினாங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவர் சொல்வது உண்மை. ஏனெனில் அவர் பேசுவது கணினியைப் பற்றி. கணினியில் வட்டு என்றோ மறைந்துவிட்டது. அங்கே ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்று கடைகள் பல. ஸ்டீமின் விலைகள் ரிங்கிட்டிலேயே போடப்பட்டிருக்கின்றன. எபிக் 2018 முதல் இலவசமாகவும் கேம்களைத் தந்துவருகிறது. பதிவிறக்கமே ஆனாலும் போட்டி இருக்கும் இடத்தில் விலை இறங்குகிறது.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு. ஆனால் பதிவிறக்கம் தொடங்கிவிட்டால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடும். பதிவிறக்கிப் பார்க்காமலே பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? ஒரு வாடிக்கையாளராக எனக்கு இது ஏற்கத்தக்கதாகவே தோன்றவில்லை.

ஜிஓஜியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே வாங்கும் கேமின் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி, சொந்த வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இல்லை, இணையச் சரிபார்ப்பு இல்லை. பதிவிறக்கமும் ஒரு பொருளைப் போல நம் கையில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. மற்றவர்கள் அப்படிச் செய்யாததற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

13 செப்டம்பர்

இணைய வேகத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 100 ஜிபி கேம், 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், 2 மணி 15 நிமிடத்தில் இறங்கும். 30 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம். கைப்பேசித் தரவை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் ஒரே கேம் மாதக் கோட்டாவைத் தின்றுவிடும். அடுக்குமாடி வீடுகளில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு 400 ரிங்கிட் மிச்சம் என்று இயக்கி இல்லாத கருவியைப் பரிந்துரைப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

17 செப்டம்பர்

300 ரிங்கிட் யாருக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை யாரும் எழுதவில்லை. மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். ஒரு புதிய கேம் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். 2020-இல் அமெரிக்காவில் 60 டாலராக இருந்த வழக்கமான விலை 70 ஆகத் தொடங்கியது. 2025-இல் நின்டெண்டோ ஒரு கேமுக்கு 80 வைத்தது. விலை டாலரில் தீர்மானிக்கப்படுகிறது, சம்பளம் ரிங்கிட்டில் வருகிறது.

செந்தூலில் நாங்கள் வளர்ந்தபோது அசல் வட்டை யார் வீட்டிலும் பார்த்ததில்லை. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மேசை போட்டுத் திருட்டு வட்டைப் பிளாஸ்டிக் உறையில் விற்பார்கள். அந்த வட்டு ஓடுவதற்காகப் பிளேஸ்டேஷன் 2-க்குள் சிப் போட்டிருப்பார்கள். திருட்டு வட்டைத் தடுக்க 2000-இலேயே ஒளிவட்டுச் சட்டம் வந்துவிட்டது. அமலாக்க அதிகாரிகள் வரும்போது மேசை மறைந்து, போனபின் திரும்பி வரும். அதைப் பெருமையாக எழுதவில்லை. கேமை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு சென்கூடப் போகவில்லை.

என் தலைமுறையினர் பலர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அசல் வட்டுக்கு மாறினோம். மாற முடிந்ததற்குக் காரணம் சம்பளம் மட்டுமன்று, பகிர்வும்தான். அண்ணன் ஒரு வட்டு வாங்குவார், நான் ஒன்று, அத்தை மகன் ஒன்று. தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது வட்டுகள் கைமாறும். அடுத்த ஆண்டு வேறு கைக்குப் போகும். உறையில் வந்த தீபாவளிப் பணத்தைச் சேர்த்து வைத்து, பிள்ளைகள் மூவர் சேர்ந்து ஒரு கேம் வாங்குவதை இன்றும் எங்கள் குடும்பத்தில் பார்க்கிறேன். ஒரு வட்டு நான்கு வீட்டுக்குப் போகும்போது 280 என்பது வீட்டுக்கு 70 ஆகிறது. அசலை நியாயமான வழியில் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்ட வைத்தது இந்தச் சுற்றுதான். அதை அடைத்துவிட்டு, திருட்டு வட்டை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

2013-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பு வேண்டும், வட்டை இரவல் தருவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்று எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள்; பயன் செந்தூல் வரைக்கும் வந்தது.

18 செப்டம்பர்

நேற்றைய பதிவைப் படித்துவிட்டுப் “பதிவிறக்கத்தையும் பகிரலாமே” என்கிறார் ஒருவர். பகிரலாம், அதையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும். பிளேஸ்டேஷனில் ஒரு கணக்கின் பதிவிறக்கங்களை, அந்தக் கணக்கு ‘பகிர்வுக் கருவி’ என்று குறித்துவைத்த ஒரு கருவியில் வீட்டிலுள்ள மற்றவர்களும் விளையாட முடியும். வாங்கியவர் அதே நேரத்தில் வேறு கருவியில் விளையாடலாம். இரண்டு கருவி உள்ள அண்ணன் தம்பிக்கு ஒரே விலையில் இரண்டு பேர் விளையாடும் வசதி. வட்டில் அது முடியாது. ஸ்டீமில் 2024 முதல் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை ஒரு குடும்பமாக இணையலாம். ஆனால் ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும்.

எனினும் இவை நிறுவனம் தரும் சலுகைகள். விதியை அவர்கள் மாற்றினால் மாறிவிடும். அத்தை மகனிடம் வட்டைக் கொடுப்பதற்கு நான் யாரிடமும் விதி கேட்பதில்லை.

22 செப்டம்பர்

வட்டின் பக்கம் நின்று இவ்வளவு எழுதிய பிறகு, அதன் குறையையும் அதே அளவு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வட்டு கையில் இருப்பதால் கேம் கையில் இருக்கிறது என்று இப்போது சொல்லிவிட முடியாது.

யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2014-இல் வந்த கார்ப் பந்தய கேம். தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சேவையகத்தோடு (சர்வர்) இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சேவையகத்தை நிறுத்தினார்கள். பதிவிறக்கியவர், வட்டு வைத்திருந்தவர் என்ற பேதமின்றி எல்லாருக்கும் கேம் போயிற்று. அதிலிருந்து பிறந்ததுதான், விற்ற கேமை நிறுவனம் இப்படி முடக்கக் கூடாது என்று கேட்கும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தொடங்கிய மனு, 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. அது சட்டமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நின்டெண்டோ சுவிட்ச் 2-க்கு இப்போது ‘கேம்-கீ கார்டு’ என்று ஒன்று விற்கிறார்கள். பெட்டியும் உண்டு, அட்டையும் உண்டு. அட்டைக்குள் கேம் கிடையாது. போட்டவுடன் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், ஒவ்வொரு முறை விளையாடும்போதும் அட்டையும் செருகியிருக்க வேண்டும். விற்கலாம், இரவல் தரலாம் என்பது மட்டும் ஆறுதல். பெட்டியின் முன்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது; வாங்கும் முன் படியுங்கள்.

‘சைபர்பங்க் 2077’ இரண்டு பக்கத்தையும் காட்டும் உதாரணம். 2020 டிசம்பரில் குறைகளோடு வந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே நீக்கியது, மறுபடி சேர்த்தது 2021 ஜூனில். அந்த ஆறு மாதமும் பிளேஸ்டேஷனுக்கு அதைப் புதிதாக வாங்க நினைத்தவருக்கு வட்டு ஒன்றே வழி. ஆனால் வட்டில் இருந்தது அந்தக் குறைபட்ட முதல் பதிப்பு. திருத்தங்கள் எல்லாம் இணையத்திலிருந்துதான் வந்தன.

ஆகவே 7-ஆம் தேதி போட்ட கணக்கு, தனியாள் கதை கேமுக்கு, வட்டிலேயே முழுதாக இருக்கும் கேமுக்குப் பொருந்தும். எப்போதும் இணையத்தில் பலரோடு விளையாடும் கேமுக்கு வட்டு வாங்குவதில் மறுவிற்பனை விலையைத் தவிர வேறு பயன் இல்லை.

23 செப்டம்பர்

“பதிவிறக்கியது என் கணக்கில் என்றென்றும் இருக்கும்” என்று எழுதியவர் இதையும் பார்க்க வேண்டும். நின்டெண்டோவின் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடைகள் 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்று. பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளையும் மூடப்போவதாக 2021 மார்ச்சில் அறிவித்த சோனி, எதிர்ப்பு வந்ததால் ஏப்ரலில் பின்வாங்கியது. ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, உரிமத்தை மட்டும் விற்கும் கடை, ‘வாங்கு’ என்ற பொத்தானை வைத்தால், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வாசகத்தைச் சேர்த்துவிட்டது. நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வந்தால், அந்தக் கடைக்காரர் உங்களிடம் பேசியது போல யாரும் பேச முடியாது.

29 செப்டம்பர்

பயன்படுத்திய வட்டு வாங்குவோர் பார்க்க வேண்டியவற்றைச் சிலர் கேட்டார்கள். பிளேஸ்டேஷன் 5 கேம்கள் வரும் ப்ளூ-ரே வட்டில் தரவு அடுக்கு அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 காலத்து டிவிடியில் 0.6. மேலே கடினப் பூச்சு இருப்பதால் சிறு உரசல் தாங்கும், ஆனால் பூச்சைத் தாண்டிய கீறல் விழுந்தால் மீட்க வழியில்லை. டிவிடியைத் தேய்த்துச் சரிசெய்யும் இயந்திரத்தில் ப்ளூ-ரேயைக் கொடுக்காதீர்கள், பூச்சையே எடுத்துவிடும். வட்டின் நடுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியிலிருந்து வளைத்து எடுப்பவர்களால் அது வருகிறது. நம் ஈரப்பதத்தில் அட்டை உறையில் வைக்காமல், பெட்டியிலேயே, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கூடுதல் பகுதிகளுக்கான குறியீடு பெட்டியில் இருந்தால் அது ஒருமுறைதான் செல்லும். விற்பவர் அநேகமாகப் பயன்படுத்தியிருப்பார் என்று கொண்டே விலை பேசுங்கள்.

வட்டு எந்த வட்டாரத்துக்குரியது என்பதும் முக்கியம். கடைக்காரர்கள் ஆர்3 என்று சொல்வது ஆசியப் பதிப்பு. அமெரிக்க, ஜப்பானிய வட்டுகளும் நம் கருவியில் ஓடும். ஆனால் மலேசியக் கணக்கில் வாங்கும் கூடுதல் பகுதிகள் அவற்றோடு பெரும்பாலும் சேராது. பத்து இருபது ரிங்கிட் குறைவு என்று வேறு வட்டார வட்டை வாங்கியவர்கள், அந்தக் கேமுக்குக் கூடுதல் அத்தியாயம் ஒன்று பின்னர் வந்தபோது வருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

11 அக்டோபர்

வட்டு இயக்கி உள்ளதையே வாங்கிவிட்டதாகவும், மகனுக்குக் கணக்கு எப்படித் தொடங்குவது என்றும் அக்கா கேட்டிருக்கிறார். முதலில் உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்குங்கள்; நாடு என்ற இடத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதை மாற்ற முடியாது. மகனுடைய உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்து, உங்கள் கணக்கின் கீழ் பிள்ளைக் கணக்காகச் சேருங்கள். குடும்ப நிர்வாகப் பக்கத்தில் மாதச் செலவு வரம்பு இருக்கும். அதைச் சுழியத்தில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது நீங்களே உயர்த்துங்கள். வங்கி அட்டையைக் கருவியில் சேமிக்காமல், பணம் ஏற்றும் அட்டையைக் கடையில் வாங்கிப் பயன்படுத்துங்கள். இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்குரிய மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வட்டுப் பெட்டிகளோடு வைத்துவிடுங்கள்.

முதல் கேமைக் கடையில் புதிதாக வாங்க வேண்டாம். தீபாவளி முடிந்த வாரத்தில், வாங்கியதை விளையாடி முடித்தவர்கள் விற்கத் தொடங்குவார்கள்.